மூன்றாவது பிளக்

தலைநகரில் வாழ்ந்து மறைந்த தமிழ்த் தந்தையர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும் உடைமைகளைப் பட்டியலிட்டால், அது வீட்டுக்கு வீடு பெரிதும் வேறுபடாது. இரும்பு அலமாரி ஒன்று. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள். ஓய்வுபெற்ற பின் வாங்கிய வீட்டின் பத்திரம். கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்த தமிழ் வார இதழ்கள். பூட்டியே கிடக்கும் ஒரு தோல் பெட்டி. எங்கள் தந்தையார் இவற்றையெல்லாம் விட்டுச் சென்றார். இவற்றோடு, தார்ப்பாய் போர்த்திய ஒரு பந்தய வகைக் காரையும் விட்டுச் சென்றார். 1968ஆம் ஆண்டின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மூன்றாம் வார்ப்பு, வெள்ளை நிறம், இரண்டே இருக்கைகள், மடித்து வைக்கும் துணிக் கூரை. உடன்பிறந்தார் இருவருக்கு உள்ள ஒரே தந்தைவழிச் சொத்தாக இரண்டு இருக்கை வண்டி அமைந்தது பொருத்தம் என்று உறவினர் நகைத்தனர். அந்த இரண்டு இருக்கைகளில் ஒன்று எப்போதும் தந்தையாருடையது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். எஞ்சிய ஒன்றுக்காகவே எங்கள் இளமைக் காலம் முழுவதும் நாங்கள் சண்டையிட்டோம்.

மத்திய அரசில் பொறியாளராக இருந்த ஒருவருக்கு இத்தகைய வண்டி எப்படி வாய்த்தது என்று வாசகர் வினவலாம். அயல்நாட்டுத் தூதரக அலுவலர்கள் தம் பணிக்காலம் முடிந்து திரும்பும்போது விட்டுச் செல்லும் கார்கள் அந்நாளில் அரசு வணிகக் கழகத்தின் வழியாக விற்பனைக்கு வரும். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்னும் மூன்று பெயர்களுக்கு அப்பால் காரே இல்லை என்றிருந்த காலம் அது. நல்ல நிலையில் உள்ள அயல்நாட்டு வண்டிகளை வாங்கப் பணம் படைத்தோர் வரிசையில் நின்றார்கள். ஓடாத வண்டியை வாங்க எவரும் முன்வரவில்லை. 1977இல் தந்தையார் வாங்கியது ஓடாத வண்டி. லாரியில் ஏற்றி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பின் முன் இறக்கியபோது எங்களில் மூத்தவருக்கு வயது பத்து, இளையவருக்கு ஏழு. அன்னையார் வாசலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, "சக்களத்தி வந்தாயிற்று" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கடைசிவரை அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர் அதுவே. ஸ்பிட்ஃபயர் என்னும் சொல்லுக்கு உலகப் போரில் புகழ்பெற்ற விமானத்தின் பெயர் என்று ஒரு பொருளும், சீறி விழும் பெண் என்று இன்னொரு பொருளும் உண்டு. தந்தையார் இரண்டாவது பொருளை அன்னையாரிடம் எடுத்துச் சொன்னது அறிவுடைய செயல் அன்று.

ஓடாத வண்டியை வாங்கத் துணிந்ததற்கு அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. 1962இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு என்னும் குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டே பிறந்த வண்டி. இரண்டின் வடிவத்தையும் வரைந்தவர் மிக்கேலொட்டி என்னும் இத்தாலியர். அதே ஹெரால்டு 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் உருவாகி வந்தது. எனவே தில்லிக்காரர்கள் அயல்நாட்டுப் பொருள் என்று அஞ்சி ஒதுக்கிய வண்டியின் முன்சக்கரத் தாங்கமைப்புக்கான புஷ்களும் ரப்பர்த் துண்டுகளும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் சரளமாகக் கிடைத்தன. கோடை விடுமுறை முடிந்து தமிழ்நாடு எக்ஸ்பிரசில் திரும்பும்போது முறுக்கு டின்னுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிய உதிரிப் பாகங்கள் இருக்கும். முறுக்கில் கிரீஸ் வாடை வீசுகிறது என்று அன்னையார் ஆண்டுதோறும் சொல்வார். ஆண்டுதோறும் அது உண்மையாகவும் இருக்கும். ஈராண்டுகளில் வண்டி ஓடியது.

ஓடியது என்றாலும் ஒரு குறை. ஐரோப்பியர் ஒருவருக்காகச் செய்த வண்டி ஆதலால் ஓட்டுநர் இருக்கை இடப்புறம் அமைந்திருந்தது. நம் சாலைகளில் அப்படி ஓட்டுபவருக்கு முன்னால் செல்லும் லாரியைத் தாண்டி எதுவும் தெரியாது. வலப்புறம் அமர்ந்திருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து, "வருகிறது அப்பா", "இல்லை அப்பா, போகலாம்" என்று சொல்ல வேண்டும். தந்தையாரின் உயிரையே கையில் வைத்திருப்பது போன்ற அந்தப் பதவிக்காகத்தான் எங்களுக்குள் போட்டி. ஒற்றைப்படை ஞாயிறு ஒருவருக்கு, இரட்டைப்படை ஞாயிறு மற்றவருக்கு என்று ஏற்பாடு. முப்பத்தொன்றாம் தேதியை அடுத்து ஒன்றாம் தேதி வரும் மாதங்களில் கணக்கு குழம்பும்; வீடு இரண்டுபடும். அன்னையார் மலை மந்திர் வரை ஒரே ஒரு முறை வந்தார். கூந்தல் கலைந்ததோடு அவர் பயணம் நிறைவுற்றது.

இத்தனை பூசலிலும் எங்கள் இருவருக்கும் தந்தையார் அருகே ஒரே நேரத்தில் இடம் கிடைத்தது என்றால், அது பிளக் மாற்றும் நாளில் மட்டுமே. அதற்குக் காரணம் அந்த வண்டியின் அமைப்பு. மற்றக் கார்களில் என்ஜினை மூடியிருப்பது ஒரு பலகை போன்ற மூடி. அதைத் தூக்கி, குனிந்து, இருட்டுக்குள் கைவிட வேண்டும். ஸ்பிட்ஃபயரிலோ, பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், விளக்குகளும் சக்கர மூடிகளும் சேர்ந்த முன்புறம் முழுவதும் முன்னோக்கிக் கவிழும். ஹெரால்டு வைத்திருந்த வீட்டார் இதை அறிவார்கள். அப்படிக் கவிழ்ந்தபின் என்ஜின் மேசைமேல் வைத்த பொருள் போல நாற்புறமும் திறந்து நிற்கும். முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே தெரியும். அந்தச் சக்கரங்களின் மேல் ஆளுக்கொருவராக நாங்கள் அமர்ந்துகொள்வோம். டயரின் சூடு பாவாடைக்குள் ஏறும். தந்தையார் நின்றுகொண்டு வேலை செய்வார். ஒரு பக்கம் இரண்டு கார்புரேட்டர்கள். மறுபக்கம் வரிசையாக நான்கு பிளக்குகள். பிளக் பக்கம் அமர்ந்தவர் ஸ்பானர் நீட்டுவார். கார்புரேட்டர் பக்கம் அமர்ந்தவர் கழற்றியதை வாங்கிச் செய்தித்தாளில் முன்னிருந்து பின்னாக வரிசை பிறழாமல் வைப்பார்.

பிளக் மாற்றுவது பெரிய வித்தை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய வித்தை இல்லைதான்; ஆனால் சிறு பிழைகளுக்கு இடம் மிகுதி. என்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஒயர்களுக்கு நூல் கட்டி எண் குறிக்க வேண்டும். அந்த என்ஜினில் பொறி செல்லும் ஒழுங்கு 1, 3, 4, 2 என்பது. இரண்டு ஒயர்கள் இடம் மாறினால் வண்டி இருமித் தும்மும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கலாகாது; மூடியைப் பிடித்தே இழுக்க வேண்டும். பிளக்கைத் திருகுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்ற வேண்டும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். இந்த ஊதும் பணிக்கு எங்கள் வீட்டில் சைக்கிள் பம்பு பயன்பட்டது. அதை அடிப்பதிலும் முறை வைத்திருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றியபின் வருவதுதான் சுவையான கட்டம். நாடி பார்க்கும் வைத்தியரைப் போலத் தந்தையார் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். முனை இளங்காபி நிறமாக இருந்தால் உடல் நலம். வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, காற்று குறைவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வின் வழிகாட்டியோ தேய்ந்துவிட்டது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சிலிண்டர் அளவுக்கு மேல் சூடேறுகிறது. எங்கள் வண்டியின் பிளக்குகள் அநேகமாகக் கரி படிந்தே வரும். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன் மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? "இவளுக்கு நீண்ட ஓட்டம் தேவை" என்பார் தந்தையார். அது சூரஜ்குண்டு வரை போவதற்கான முகாந்திரம் என்பதை அன்னையாரும் அறிவார்.

பிறகு இடைவெளி. பொறி தாவும் இரு முனைகளுக்கும் நடுவே அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு, மில்லிமீட்டரில் 0.64. ஃபீலர் கேஜின் தகடு தடையின்றியும் நுழையக் கூடாது, முரண்டும் பிடிக்கக் கூடாது. வெண்ணெயில் இறங்கும் கத்தியை எடுத்துக்காட்டாகச் சொல்வார். எங்கள் வீட்டில் அந்நாளில் வெண்ணெய் ஏது? நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் ஆயிரத்து ஐந்நூறு முறை பொறி எழுப்புகிறது என்று அவர் சொன்ன நாளில், பள்ளியில் எங்களுக்குக் கற்பித்தவர்மீது இருந்த மதிப்பு சற்றே குறைந்தது.

இறுதியாகப் பொருத்துதல். இங்குதான் அவர் கண்டிப்பானவர். பிளக்கின் மரைப்பகுதி முக்கால் அங்குல நீளம்; கிட்டத்தட்ட பதினைந்து சுற்று. அந்தப் பதினைந்தையும் விரலாலேயே திருக வேண்டும். வளையம் அமர்ந்தது என்று விரலுக்குத் தெரிந்தபின் ஸ்பானரை எடுத்துக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை. "அவசரப்படாதே அம்மா. விரலுக்குப் போகாதது ஸ்பானருக்கும் போகக் கூடாது" என்பார். நாங்கள் பதினைந்து வரை சேர்ந்து எண்ணுவோம்.

1985 டிசம்பரில் தந்தையார் அலுவல் காரணமாகப் பத்து நாள் வெளியூர் சென்றிருந்தார். மூத்தவர் கல்லூரியிலும் இளையவர் பள்ளியிலும் படித்துவந்த காலம். அவர் திரும்பும்போது வண்டி புதுப் பிளக்குகளுடன் காத்திருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். புது மைக்கோ பிளக்குகள் நான்கு ஏற்கெனவே அவர் பெட்டியில் இருந்தன. முதல் இரண்டும் ஒழுங்காக ஏறின. மூன்றாவது, இரண்டு சுற்றுக்கு மேல் விரலுக்குப் போகவில்லை. குளிரில் விரல் விறைத்துவிட்டது என்று நினைத்தோம். ஸ்பானரை எடுத்தோம். அதுவும் முரண்டு பிடித்தது. சமையலறைக் குழாய் மாற்றியபோது மிஞ்சிய இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை ஸ்பானரின் கைப்பிடியில் மாட்டி இருவரும் சேர்ந்து அழுத்தினோம். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. பிளக் எளிதாகச் சுழன்றது, மிக எளிதாக. அந்த எளிமையின் பொருள் எங்கள் இருவருக்குமே அக்கணத்தில் விளங்கிவிட்டது.

அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட்டில் இந்தப் பிழை நாள்தோறும் நடக்கும். எங்கள் வண்டியின் ஹெட் வார்ப்பிரும்பு. அதில் மரையைக் கெடுப்பது எளிதன்று. "இரும்பு பொறுத்துப் போகும்" என்று அவரே சொல்வார். பொறுக்காத அளவுக்கு நாங்கள் சென்றுவிட்டோம். கோணலாக நின்ற பிளக்கை அப்படியே விட்டு, ஒயரை மாட்டி, மேலே இருந்த கீறலைக் கரியால் மறைத்தோம். ஒருவரும் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். எங்களுக்குள் நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் மீறப்படாதது அது ஒன்றே.

தந்தையார் வந்தார். கழற்றிய பழைய பிளக்குகள் நான்கும் செய்தித்தாளில் வரிசையாக இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார். வண்டியைக் கிளப்பினார். என்ஜின் ஓடியது, கூடவே 'சுர் சுர்' என்று மூச்சு கசியும் ஒலி. அவர் சிறிது நேரம் கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு, "தேநீர் இருக்கிறதா?" என்றார். அடுத்து வந்த வாரங்களில் வண்டி வெளியே எடுக்கப்படவில்லை. எங்கள் தேர்வுகள் வந்தன. நாங்கள் வண்டி இருக்கும் திசையையே பார்க்காமல் இருந்தோம். மார்ச்சு மாதம் ஒரு ஞாயிறன்று அவர் சூரஜ்குண்டு போகலாம் என்றார். ஒலி இல்லை. பிளக்கின் வளையம் சரியாக அமராதிருந்ததைச் சரிசெய்திருப்பார் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லித் தேறினோம். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை பிளக் மாற்றும்போது மட்டும், பெட்ரோல் குழாயிலிருந்து நறுக்கிய ஒரு சாண் ரப்பர்த் துண்டை எங்களிடம் கொடுத்தார். பிளக்கின் தலையை அதற்குள் செருகி, ரப்பரைச் சுழற்றித் திருக வேண்டும் என்றார். எங்களுக்கு அது புது விளையாட்டாக இருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். தந்தையார் 1993இல் ஓய்வுபெற்று ஜனக்புரியில் தரைத்தளத்து வீடு ஒன்றில் குடியேறினார். சக்களத்தியும் உடன் வந்தாள். 1998இல் தில்லியில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் வால்வு அமரும் இடம் தேயும் என்று அவர் சில மாதங்கள் கவலைப்பட்டார். பிறகு குறைவாக ஓட்டினார். அன்னையார் 2011இல் காலமானார். கண்பார்வை மங்கியதால் 2016இல் தந்தையார் ஓட்டுவதை நிறுத்தினார். பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்னும் தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியபோது, ஏற்கெனவே போர்த்தியிருந்த தார்ப்பாய் அப்படியே கிடந்தது. 2019இல் அவர் மறைந்தார்.

மருத்துவமனையில் கடைசி வாரத்தில் அவர் கட்டிலின் இருபுறமும் நாங்கள் அமர்ந்திருந்தோம். அவர் நினைவோடுதான் இருந்தார். ஒரு நள்ளிரவில் மூத்தவர் மெல்ல, "அந்த மூன்றாவது பிளக்கைப் பற்றிச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டார். "இப்போது எதற்கு அக்கா, அவருக்கு அது வேறு கவலையா?" என்றார் இளையவர். சொல்லவில்லை. அவர் போனபின், சொல்லியிருக்கலாம் என்று மூத்தவர் பலமுறை வருந்தியதுண்டு. இளையவர் வருந்தியதும் உண்டு. ஆனால் அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வகுத்தது. முதற்பதிவு ஆகி ஐம்பதாண்டு கடந்து, மூல வடிவம் குலையாமல் பேணப்பட்ட வண்டிக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். அன்றாடப் பயணத்துக்கு அதைப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்காக ஓட்டலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய இரும்புக்காரர் தருவதாகச் சொன்ன தொகையை நினைத்தால் கட்டணம் கூடுதல்தான். எங்கள் வீட்டு இளைய தலைமுறையினர் விற்றுவிடலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. ஆயினும் விற்பதோ பதிவதோ எதுவானாலும், வண்டி முதலில் மூச்சு விட வேண்டும். 2023 சனவரியில், மூடுபனி விலகிய ஒரு ஞாயிறு முற்பகல், தார்ப்பாயை நீக்கினோம்.

முந்திய வாரமே கெட்டுப்போன பெட்ரோலை வடித்திருந்தோம். ரப்பர்க் குழாய்களை மாற்றியாயிற்று. 2022 ஜூன் முதலே நாட்டின் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் கலப்பு எட்டப்பட்டிருந்தது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனாலில் ஆக்சிசனும் சேர்ந்திருப்பதால் கலவை சற்று மெலிந்துபோகும். தந்தையார் இருந்திருந்தால் பிளக் வெளுக்கிறதா என்று மாதந்தோறும் கழற்றிப் பார்த்திருப்பார். புதுப் பிளக்குக்காகக் காஷ்மீரி கேட் சந்தையில் அலைந்தோம். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று இந்தியில் கேட்டார். சொன்னதும் எங்கள் நரைமுடியைப் பார்த்தார். பிறகு என்ஜிகே நிறுவனத்தின் பிபி6ஈஎஸ் பெட்டிகள் நான்கை எடுத்து வைத்தார். மரையின் பருமன் 14 மில்லிமீட்டர், நீளம் முக்கால் அங்குலம். இரண்டையும் அளந்து பார்த்தே வாங்கினோம்.

கொக்கிகளை விடுவித்து முன்புறத்தைக் கவிழ்த்தோம். இருவரும் சக்கரங்களின் மேல் அமர்ந்தோம். ஏறி அமர்வதற்கு முன்போல எளிதாக இல்லை. ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், மற்றவர் முதுகைப் பிடித்துக்கொண்டு. முதல் நாள் இரவே நான்கு பிளக்குகளின் அடியிலும் துரு நீக்கும் எண்ணெய் விட்டிருந்தோம். கால் சுற்று திருப்பி, மீண்டும் பின்னோக்கித் திருகி, மறுபடி திருப்பி, மெல்ல மெல்ல முதலாவது வந்தது. இரண்டாவதும் வந்தது. கரி, எதிர்பார்த்ததே. மூன்றாவது வழுவழுவென்று, எதிர்ப்பே இல்லாமல், மற்ற இரண்டைவிட நன்றாகக் கழன்று வந்தது. எங்களுக்கு வயிறு கலங்கியது. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கேட்ட அந்த எளிமை அல்லவா இது?

விளக்கை அடித்துக் குழிக்குள் பார்த்தோம். மற்றக் குழிகளில் மரை மங்கிய சாம்பல் நிறம். மூன்றாவதில் வெள்ளி போல ஒளிர்ந்தது. எங்களில் இளையவர் பிற்காலத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றவர். அவர்தான் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஹெட்டின் மரை இல்லை. சுருள்" என்றார். கெட்டுப்போன மரையைத் துளையிட்டு அகற்றி, குழியைப் பெரிதாக்கி, அதில் புது மரை வெட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஆன சுருளைத் திருகி இறக்குவார்கள்; அந்தச் சுருளின் உட்புறம் பிளக்குக்கு ஏற்ற பழைய அளவு மரையாக அமையும். உலோகத்தூள் சிலிண்டருக்குள் விழாதிருக்க, இதைச் செவ்வனே செய்ய விரும்புபவர் ஹெட்டையே கழற்றி மேசைமேல் வைத்துச் செய்வார். ஒரு வளையத்தைச் சரிசெய்யும் வேலையன்று அது. இரண்டு மூன்று நாள் வேலை.

நாங்கள் வேலையை நிறுத்திவிட்டு உள்ளே சென்று தோல் பெட்டியைத் திறந்தோம். வண்டிக்கென அவர் வைத்திருந்த குறிப்பேடுகள் அதில் இருந்தன. தேதி, ஓடிய தொலைவு, செய்த வேலை, செய்தவர் என்று அவரே கோடு போட்டு வகுத்த நான்கு பத்திகள். செய்தவர் என்னும் பத்தியில் பக்கம் பக்கமாக 'நான்', 'நான்' என்றே இருந்தது; எங்கோ ஓரிடத்தில் 'வெல்டிங் கடை'. 1985 டிசம்பரில் ஒரு வரி: 'பிளக் 4, புதிது.' செய்தவர்: 'பெண்கள்.' அடுத்த வரி 1986 பிப்ரவரி: 'ஹெட் இறக்கியது. 3இல் சுருள். காஸ்கெட் புதிது.' செய்தவர்: 'நான்.' அதற்கு அடுத்த வரி, அதே மாதம்: 'ரப்பர்க் குழாய், ஒரு சாண்.' வேறு ஒன்றும் இல்லை. அந்த ரப்பர் எதற்கென்று இளையவர் அப்போதுதான் சொன்னார்: பிளக் கோணலாக ஏறத் தொடங்கினால் விரல் அறியாமல் போகலாம், ரப்பரோ அந்தச் சிறு எதிர்ப்புக்கே வழுக்கிவிடும், அதைக் கொண்டு எவராலும் மரையைக் கெடுக்க இயலாது.

நாங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாள்களில், வீட்டுக்கு வெளியே பத்தடி தொலைவில், எங்களுக்குத் தெரியாதபடி அவர் ஹெட்டை இறக்கியிருக்கிறார். எங்களைக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் அனுப்பிவிட்டு அரைநாள் விடுப்பு எடுத்தாரா, அன்னையார் உடந்தையா, நாங்கள் அறியோம். அறியாமை நாடகத்தை முப்பத்து மூன்று ஆண்டுகள் இரு தரப்பும் நடத்தியிருக்கிறோம். அவர் எங்களைவிட நன்றாக நடித்தார். மூத்தவர் குறிப்பேட்டை மூடவில்லை. இளையவர் சமையலறைக்குப் போய்த் தேநீர் வைத்தார். அடுப்பைப் பற்ற வைக்க மறந்து நெடுநேரம் நின்றார்.

வெயில் சாயுமுன் திரும்பி வந்தோம். கருவிப் பெட்டியின் அடியில் பழைய ரப்பர்த் துண்டு கிடந்தது. கல்லாக இறுகி, வளைத்ததும் இரண்டாக வெடித்தது. புதிய பெட்ரோல் குழாயின் மிச்சத்திலிருந்து ஒரு சாண் நறுக்கினோம். இடைவெளியை அளந்தோம், மூக்குக்கண்ணாடி இருவருக்கும் தேவைப்பட்டது. முதலாவது, இரண்டாவது, நான்காவது பிளக்குகளைப் பொருத்தியபின் மூன்றாவதைக் கடைசியாக எடுத்தோம். யார் திருகுவது என்று ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்தோம். பழைய வழக்கப்படி சண்டை எழவில்லை. ஒருவர் ரப்பரைப் பிடிக்க, மற்றவர் சுழற்றினார். சேர்ந்து எண்ணினோம். பதினைந்தில் வளையம் அமர்ந்தது. ஸ்பானரால் கால் சுற்று. அதற்கு மேல் இல்லை.

சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பியபோது மூன்று முறை வெறுமனே சுழன்றது, நான்காம் முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. வெண்புகை ஓய்ந்தபின் காது கொடுத்துக் கேட்டோம். கசிவு இல்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, இருக்கைகள் இரண்டும் காலியாக இருக்கின்றன என்று. மூத்தவர் இடப்புறம் ஏறினார்; இளையவர் வலப்புறம். எண் பலகை கிடைக்காமல் பொதுச் சாலைக்குப் போக முடியாது. வீட்டு வாயிலிலிருந்து குடியிருப்பின் உட்புறச் சந்து வழியே பெரிய கதவு வரை முன்னூறு அடி. சந்தில் ஒரு காய்கறி வண்டி நின்றது. மூத்தவருக்கு அதைத் தாண்டி எதுவும் தெரியவில்லை. இளையவர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"வருகிறதா?"

"ஒரு சைக்கிள். பொறு... இப்போது போகலாம்."

கதவருகே காவலர் எழுந்து வந்து, வெளியே போகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தோம். தார்ப்பாயைப் போர்த்துமுன் குறிப்பேட்டில் அன்றைய தேதியை எழுதி, பிளக் 4, புதிது என்று பதிந்தோம். நான்காவது பத்தியில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் ஐயம் எழவில்லை. பிறகு பேட்டரியின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் ஒட்டிய கரியைக் கழுவ உள்ளே போனோம்.